முழங்கை அளவு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் "காதில் பூ சுற்றாதே" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும். இது என் சித்தி மகளுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் எவ்வளவோ முன்னுக்கு வந்திருப்பாள்.

இதில் நடுராத்திரி கிடையாது. நாய் ஊளையிடாது. மின்சாரம் போகாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. ஒரு பக்கம் கொத்தனாரின் சுத்தியல் சத்தம், இன்னொரு பக்கம் பெயின்டரின் செல்போனில் பாட்டு. அத்தனைக்கும் நடுவில்... அதனால்தான் எனக்கு இன்றைக்கும் பட்டப்பகலில் வீட்டில் தனியாக இருக்கப் பிடிப்பதில்லை.

அவளை நாங்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, குரூப் போட்டோவில் கடைசி வரிசை. கல்யாணமான பிறகு பன்னிரண்டு வருஷம் வாடகை வீடுகள். எந்த வீட்டுக்குப் போனாலும் சமையல் மேடை அவள் இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுகொண்டே பில் போடுவாள். வீட்டுக்கு வந்தால் குனிந்துகொண்டே சமைப்பாள். முதுகு போயே போய்விட்டது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே குனியற வேலை வெச்சுக்காதீங்கம்மா. அப்புறம் ஆபரேஷன்ல வந்து நிக்கும்" என்றார்.

குனியாமல் எப்படிச் சமைப்பது? அதற்கு அவர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

அதனால்தான், இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு ஒரு பழைய வீட்டை வாங்கியபோது, அவள் ஒரே ஒரு வரம் கேட்டாள். "ஹால் எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். சமையல்கட்டு மட்டும் என் இஷ்டம். என் உயரத்துக்கு மேடை. எனக்குப் பிடிச்ச கல்லு, எனக்குப் பிடிச்ச கலரு."

"அது உன் ராஜ்ஜியம். நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் அவள் வீட்டுக்காரர். டெலிவரி வண்டி ஓட்டுகிறவர். வாயைத் திறக்காமல் அவரால் ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

வீட்டை விற்றவர் அறுபதைத் தாண்டிய மனிதர். தனியாகத்தான் வந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, தங்கை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சாவியைக் கொடுத்த பிறகும் கிளம்ப மனமில்லாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"இதை மாத்துவீங்களா?"

"முதல் வேலையே அதுதான் சார்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷமா துக்கமா, நெட்டைக்குப் புரியவில்லை. "நல்லா செய்யுங்கம்மா. கலரைப் பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

வேலை ஆரம்பித்தது. ஒரு கொத்தனார், ஒரு பெயின்டர். இரண்டு பேரையும் பேசி முடித்தது அவள் வீட்டுக்காரர்தான். காலையில் சாவியைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு அவர் வண்டி எடுக்கப் போய்விடுவார். நெட்டை கடை முடிந்து வந்து பார்ப்பதற்குள் இரண்டு பேரும் கிளம்பியிருப்பார்கள். பேச்செல்லாம் போனில்தான். அதுவும் பில்லுக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது, "சரி, சரி" என்று வைத்துவிடுவாள். அவர்கள் இவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் கடையில் மாதிரிக்கு மூன்று துண்டு கொடுத்தார்கள். கறுப்பு, சிவப்பு, சாம்பல் ஓடிய வெள்ளை. உள்ளங்கை அளவுதான். மூன்றையும் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தாள். வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பெயின்டரும் சுவரில் மூன்று கட்டம் அடித்து வைத்தார். இளம்பச்சை, வான நீலம், சந்தனம்.

மறுநாள் மாலை போனாள். சிவப்புக் கல்லும் சாம்பல் கல்லும் கவிழ்ந்து கிடந்தன. கறுப்பு மட்டும் நிமிர்ந்து இருந்தது. வீடெல்லாம் இடித்த தூசி, கால் வைத்தால் தடம் விழுகிற தூசி. அந்தக் கறுப்புக் கல்லில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. துடைத்து வைத்த மாதிரி...

கொத்தனார் கை பட்டிருக்கும் என்று நிமிர்த்தி வைத்தாள்.

அடுத்த நாளும் அப்படியே இருந்தது. கூடவே சுவரில் நான்காவதாக ஒரு கட்டம். ரோஸ் கலர். கண்ணைக் குத்தாத, வெளிறிய ரோஸ்.

"ஏங்க, இது உங்க வேலையா? எனக்கு ரோஸ் பிடிக்காதுன்னு தெரியாதா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? வாயே திறக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே. உன் பொண்ணைக் கேளு."

பெண்ணுக்குப் பதினோரு வயது. ரோஸ் கலர் சின்னப் பிள்ளைகளுக்கு என்று எப்போதோ தள்ளி வைத்துவிட்டவள். "உவ்வே" என்றாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வாடகை வீட்டுக்குத் திரும்பினார்கள். பெயின்டர் மிச்சமிருந்த டப்பாவை அடித்துப் பார்த்திருப்பார் என்று முடிவானது.

இந்தக் கொத்தனாரிடம் ஒரு பழக்கம். மேடை உயரத்தை அவர் டேப் பிடித்து முடிவு செய்ய மாட்டார். முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். "சமைக்கறவங்க ஒரு தடவை வந்து சுவரோரமா நின்னா போதும் சார். கையை மடக்கச் சொல்லி முழங்கைக்கு நேரா ஒரு கோடு போட்டுக்குவேன். அதுக்கு ஒரு சாண் கீழ மேடை. ஆயுசுக்கும் முதுகு வலிக்காது."

இதைக் கேட்டு நெட்டை கிட்டத்தட்ட அழுதுவிட்டாளாம். என்னிடம் போன் போட்டு, "அக்கா, என் முழங்கைக்கு ஒரு மேடை வரப்போகுது" என்றாள். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போய் நிற்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மதியம் கொத்தனாரிடமிருந்து போன்.

"அளவு எடுத்தாச்சும்மா. நாளைக்குச் செங்கல் இறக்கிடறேன்."

கடையில் கூட்டம். "யாரை வெச்சு எடுத்தீங்க?"

அவர் சிரித்தார். "உங்களை வெச்சுத்தான். நல்ல கதையா இருக்கே... ஆமா, கால் இப்ப தேவலையா?"

"கால் இல்லீங்க, முதுகு" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மாலை போய்ப் பார்த்தாள். சுவரில் பென்சில் கோடு. பக்கத்தில் போய் நின்று கையை மடக்கினாள். கோடு அவள் முழங்கையை விட ஒரு சாணுக்கும் அதிகமாகக் கீழே இருந்தது. அவள் பாதி உட்கார்ந்தால்தான் முழங்கை அங்கே வரும். எரிச்சலாக வந்தது. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தன் முழங்கைக்கு நேராக ஒரு கோடு அழுத்திப் போட்டாள். கொத்தனார் போனில் கிடைத்ததும், "சிவப்புக் கோடுதான் என்னோடது. நான் சொல்ற வரைக்கும் செங்கல் வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

"சரிம்மா" என்றார். குரலில் ஒரு குழப்பம் இருந்தது.

"அந்தாளு குடிச்சிட்டு வேலைக்கு வர்றாரு" என்று தீர்ப்புச் சொன்னார் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை கடையில் இன்னொரு பெண் வராததால் லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையாட்களுக்கு விடுமுறை. நெட்டை மட்டும் காலை பதினோரு மணிக்குத் தனியாகப் போனாள். நல்ல வெயிலில் பச்சையா நீலமா என்று பார்த்து முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

முதலில் வந்தது வாசனை.

சிமென்ட் இல்லை. பெயின்ட் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. கடையில் வாரத்துக்குப் பத்து டப்பாவாவது விற்பாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்கப் போடுகிற பவுடர்.

பூட்டிக் கிடந்த வீட்டில் அது எப்படி?

சமையலறைக்குள் போனாள். சுவரைப் பார்த்தாள். பென்சில் கோடு அப்படியே இருந்தது. சிவப்புக் கோட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் ஈரத் தடம். விரலை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் துடைத்த ஈரம்.

வேலையாட்கள் யாரும் வரவில்லை. சாவி அவள் கையில் இருந்தது.

சமையலறையை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம். கதவு சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து...

தொப்...

சர்ர்ர்...

தொப்...

சர்ர்ர்...

ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு யாரோ நடக்கிற சத்தம்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டாள். தெருவில் காய்கறி வண்டி போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வெயிலில் நடுரோட்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏண்டி, பகல்ல பேய் வர்ற அளவுக்கு உன் வீடு என்ன ஆபீஸா?" என்று சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் எலி என்றார். பழைய வீடு என்றார். மாலை இரண்டு பேருமாகப் போய் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தார்கள். காலி. கம்பி போட்ட ஒரு ஜன்னல், வேறு வழியே இல்லை. வாசனையும் போயிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து பார்சல் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மாலை வேளைகளில் அந்த வீட்டில் எப்போதுமே ஒன்றும் ஆனதில்லை.

பயந்துகொண்டு விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் குடி வந்தே ஆக வேண்டும்.

நெட்டை தேர்ந்தெடுத்த சாம்பல் கல்லை வீட்டுக்காரர் கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். பலகை வந்து இறங்கிவிட்டது. நெட்டை உயரத்தைச் சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் கொத்தனார் போனை எடுக்கவில்லை. புதன்கிழமை அவரே கூப்பிட்டார்.

"மேடை முடிஞ்சுதும்மா. கல்லும் பதிச்சாச்சு. உங்களுக்கு அந்தச் சாம்பல் கல்லு பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும், தலையைத் தலையை ஆட்டினீங்க. என்ன பண்றது, சார் அதைத்தானே எடுத்துட்டு வந்தாரு. உயரமாவது உங்க இஷ்டப்படியே கட்டிட்டேன்."

நெட்டைக்குக் கையிலிருந்த பில் நழுவியது.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். வந்து இறங்கும்போது மதியம் இரண்டு மணி இருக்கும். வாசலில் பெயின்டர் டப்பாவில் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். டப்பாவில் இருந்தது ரோஸ் கலர்.

இவள் உள்ளே நுழையப் போனாள். அவர் எழுந்து வழியை மறித்தார்.

"யாரும்மா வேணும்?"

"நான்தான் இந்த வீட்டுக்காரி."

அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார். சிரித்தார்.

"விளையாடாதீங்க. வீட்டம்மா உள்ளதான இருக்காங்க."



"எந்த வீட்டம்மா?"

"குள்ளமா, கால் கொஞ்சம் இழுத்து நடப்பாங்களே. தூசிக்குப் பயந்துக்கிட்டு எப்பவும் துண்டால வாயை மூடிட்டு இருப்பாங்க. அதிகம் பேச மாட்டாங்க, கையைக் காட்டுவாங்க. இந்தக் கலரைக்கூட அவங்கதான்..."

அவர் நிறுத்திவிட்டார். இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

சமையலறையிலிருந்து கொத்தனார் எட்டிப் பார்த்தார். "யாருப்பா அது?"

"எம் பேர்லதாங்க வீடு" என்றாள் நெட்டை. "நீங்க என்கிட்டதான் போன்ல பேசறீங்க."

குரலைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த சிமென்ட் கரண்டி கீழே விழுந்தது.

"அப்போ... தினமும் வந்து நின்னது..."

ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான் ஸ்டோர் ரூமுக்குப் போனாங்க" என்றார். "நாலு மணி டீக்கு முன்னாடியே போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. அப்புறம் நாங்க கிளம்பற வரைக்கும் வெளிய வர மாட்டாங்க. கால் வலி, படுத்திருக்காங்கன்னு நெனச்சோம். அதான் கதவைத் தட்டாம போன்லயே பேசுவேன்..."

கதவு சாத்தித்தான் இருந்தது.

பெயின்டர் திறந்தார்.

காலி.

தரைத் தூசியில் ஒரு பாதத்தின் தடம். அதற்குப் பக்கத்தில் ஒரு நீளக் கோடு. மறுபடி ஒரு பாதம். மறுபடி ஒரு கோடு. சுவர் வரைக்கும் போயிருந்தது. திரும்பி வரவில்லை.

பவுடர் வாசனை மூக்கை அடைத்தது.

அப்போது பின்னால்...

சர்ர்ர்...

மூன்று பேரும் திரும்பினார்கள்.

புது மேடை. சாம்பல் கல். அதன் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூசியில், ஒரு கை அகலத்துக்கு, ஒரு பட்டை மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

யாரும் இல்லை.

பட்டை மட்டும் நீண்டுகொண்டே போனது.

இந்த மூலையிலிருந்து... அந்த மூலைக்கு...

ஆசையாகத் தடவிப் பார்க்கிற மாதிரி.

பெயின்டர் ஓடிய ஓட்டத்தில் டப்பா உருண்டு வாசலெல்லாம் ரோஸ். கொத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பேயறைந்த முகம் என்று சும்மா சொல்வோமே, அதை அன்றைக்குத்தான் பார்த்ததாக நெட்டை சொன்னாள்.

அவளும் ஓடியிருக்க வேண்டும். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லையாம், ஆத்திரம்தான் வந்ததாம். மேடை அவள் இடுப்புக்கும் கீழே, தொடை உயரத்தில் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் குனிந்த அதே உயரம். ஒரே ஒரு வரம் கேட்டாள், அதையும் யாரோ வந்து எடுத்துக்கொண்டார்கள்.

"உடைங்க" என்றாள்.

"அம்மா, வேணாம்மா..."

"என் சமையல்கட்டு இது. உடைங்கன்னா உடைங்க!"

கொத்தனார் அசையவில்லை. அவளே சுத்தியலை எடுத்தாள். பெரிய சுத்தியல், இரண்டு கையாலும் தூக்க வேண்டியது. முதுகு விண்ணென்று தெறித்தது. தூக்கினாள்.

டங்!

முதல் அடியில் கல் விரிசல் விட்டது. ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்ம்ம்..." என்று, வாய் திறக்க முடியாத ஒருத்தி முனகுகிற மாதிரி.

டங்!

"ம்ம்ம்ம்ம்..."

மூன்றாவது அடியில் கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

சத்தம் நின்றது. வாசனையும் அந்த நொடியே அறுந்த மாதிரி போய்விட்டது. கொத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டே கால்.

அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. அந்தக் கொத்தனார் மறுபடி வரவில்லை. வேறு ஆள் வந்தார். நெட்டையே பக்கத்தில் நின்று தன் முழங்கைக்கு அளவு கொடுத்தாள். கடைக்காரர் மனமிரங்கி விலை குறைத்துக் கொடுத்த இன்னொரு சாம்பல் பலகை வந்தது. சுவருக்கு இளம்பச்சை. மாதக் கடைசியில் குடி வந்துவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அத்தனை அழகு. நெட்டை நிமிர்ந்து நின்று வெங்காயம் நறுக்கியதை அன்றுதான் பார்த்தேன். முதுகு வலி பாதி குறைந்துவிட்டது என்றாள். சமையலறையில் எந்தச் சத்தமும் இல்லை.

"போச்சு. அதுவா வந்துச்சு, அதுவா போச்சு" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டை விற்றவர் வந்தார். மின்சார இணைப்பைப் பெயர் மாற்ற ஒரு கையெழுத்து பாக்கி. மனிதர் பாதியாக இளைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தயங்கினார்.

"சமையல்கட்டை ஒரு தடவை பாத்துக்கலாமா?"

காட்டினார்கள். வாசலிலேயே நின்று பார்த்தார். பச்சைச் சுவரைப் பார்த்தார். மேடையின் உயரத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். "என் வீட்டுக்காரி கேட்டது வேற மாதிரி. கறுப்புக் கல்லு, ரோஸ் சுவரு. கல்யாணமான வருஷத்துலேருந்து கேட்டா. அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டிட்டேன்."

நெட்டை தன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போய்ச் சேந்துட்டாம்மா."

ஹாலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வைத்தியத்துக்காகத்தான் வீட்டை விற்றார். விற்றதை மனைவியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"எந்த வாயால சொல்லுவேன்? நம்ம வீட்டைத் திருத்திக் கட்டறோம், அதான் தங்கச்சி வீட்ல இருக்கோம்னு சொன்னேன். உன் சமையல்கட்டுதான் முதல்ல, கொத்தனாரு வந்துட்டாரு, பெயின்டர் வந்துட்டாரு, நீ சீக்கிரம் எழுந்து போய்க் கலரு சொல்லுன்னு தினம் காலையில அவ காதுல சொல்லுவேன். அதைக் கேட்டா மட்டும் முகத்துல ஒரு சிரிப்பு வரும். அப்புறம் மருந்து கொடுப்பேன். நாலு மணி வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா."

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"நாலு மணிக்கு முழிக்கும்போது அவ்வளவு களைப்பா இருப்பா. எங்கயோ நடந்துட்டு வந்த மாதிரி. உள்ளங்காலெல்லாம் தூசி. வெள்ளைத் தூசி. படுக்கையை விட்டு அசையாத பொம்பளைக்குக் கால்ல ஏதும்மா தூசின்னு என் தங்கச்சி தினம் கேப்பா. துடைச்சு விடுவோம்."

"அவங்க... எப்ப..." நெட்டையால் முடிக்க முடியவில்லை.

"ஒரு புதன்கிழமை. மதியம் ரெண்டே கால் இருக்கும். தூக்கத்துலயே தூக்கிவாரிப் போட்டுச்சு. ம்ம்னு ஒரு முனகல். மறுபடி ஒரு முனகல். அப்புறம் கண்ணைத் திறந்தா. ஒரு வருஷமா ஒரு வார்த்தை பேசாதவ, தெளிவா பேசினாம்மா. 'யாரோ உடைக்கறாங்க. என்னை விடு, நான் போகணும்'னா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். எங்கயும் போக வேணாம், படுன்னேன். விழுந்து போன அந்த இடது கையால என் கையை உதறினா. அவ்வளவுதான்..."

அவர் எழுந்தார். சமையலறைப் பக்கம் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நெட்டை அவரிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் வீட்டுக்காரர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். வெகு நேரம் அந்த வாயாடி மனுஷன் வாயே திறக்கவில்லை. அப்புறம் பெருமூச்சு விட்டு, "பாவம்மா. போகட்டும். இனிமே அவங்க வர மாட்டாங்க" என்றார்.

நெட்டை அவரைப் பார்த்தாள்.

"இத்தனை நாள் நாலு மணியானா அவங்க திரும்பிப் போனாங்க. போறதுக்கு அங்க ஒரு உடம்பு இருந்துச்சு" என்றாள். "இப்ப அது இல்லையேங்க. எங்க போவாங்க?"

வெளியே இருட்டிவிட்டது. உள் அறையிலிருந்து பெண் பசிக்கிறது என்று கூப்பிட்டாள்.

நெட்டை எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? அவளுக்கும் வேறு இடம் இல்லை.